புதுப்பிப்பு: டல்லாஸ் ஹோல்சேல் டீல் என்ன ஆனது?

முந்தைய பதிவைப் படிக்காதவர்களுக்கு: டெக்சாஸில் டல்லாஸ் பக்கம் ஒரு பழைய வீட்டுக்கு ஒப்பந்தம் போட்டு, அந்த ஒப்பந்தத்தையே இன்னொரு முதலீட்டாளருக்குக் கைமாற்றப் பார்த்தேன் (இதைத்தான் ஹோல்சேல் என்பார்கள்). அவர் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டார். வீட்டுக்காரர் என்மேல் வழக்குப் போடலாமா என்று கேட்டிருந்தேன்.

வக்கீலைப் பார்த்தாயிற்று. போடலாம். கைமாற்ற ஆள் கிடைக்கவில்லை என்பதெல்லாம் ஒரு காரணமே இல்லை. வாங்குபவராகக் கையெழுத்துப் போட்டது நான். "முன்பணம்தானே, போனால் போகட்டும்" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். டெக்சாஸின் வழக்கமான படிவப்படி, முன்பணத்தோடு விடுவதா, வாங்கியே தீரவேண்டும் என்று கோர்ட்டுக்குப் போவதா என்பது விற்பவர் முடிவு.

நல்லவேளை, ஆப்ஷன் காலம் (தனிக் கட்டணம் கட்டி, காரணம் சொல்லாமலே ரத்து செய்ய வாங்குபவர் பெறும் அவகாசம்) முடியவில்லை. எழுத்தில் ரத்து நோட்டீஸ் கொடுத்தோம். ஆப்ஷன் கட்டணம் போச்சு, முன்பணம் திரும்பிவிட்டது.

வக்கீல் அதிகம் குடைந்தது என் விளம்பரத்தைத்தான். 2017-இல் வந்த சட்டப்படி, வீடு என் பெயரில் இல்லை, ஒப்பந்த உரிமையை மட்டுமே விற்கிறேன் என்று வாங்க வருபவரிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் லைசென்ஸ் இல்லாத புரோக்கர் வேலையாகிவிடும். நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியிலேயே அது இருந்ததால் தப்பித்தேன். இல்லினாய்ஸ் மாநிலத்தில் இன்னும் கெடுபிடி: 12 மாதத்தில் ஒன்றுக்கு மேல் செய்தாலே லைசென்ஸ் வேண்டும்.

அப்புறம், கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) பத்திரப் பதிவேட்டில் ஒப்பந்தத்தைப் பதிந்து வீட்டுக்காரரை மடக்கச் சொன்ன நண்பருக்கு: செய்யவில்லை. ரத்தான ஒப்பந்தத்தை வைத்து வீட்டுக்காரரின் விற்பனையைத் தடுத்தால், நஷ்டஈட்டு வழக்கு நம் பக்கம் திரும்பும்.