வீட்டு வேலைக்கு மல்டிடூல் வாங்கலாமா? பயன்படுத்தியவர்கள் சொல்வது

சென்னையிலிருந்து:

குளியலறை வாசலில் இருக்கும் மர நிலையின் அடிப்பகுதி தண்ணீர் பட்டுப் பட்டு இற்றுப்போவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். எங்கள் அடுக்ககத்திலும் அப்படித்தான், அரை அடி உயரத்துக்கு மரம் விரலால் குத்தினாலே உள்ளே போனது. பார்க்க வந்த கார்பென்டர் நிலையை முழுசாகப் பெயர்த்துவிட்டுப் புதிது வைக்கச் சொன்னார். அப்படிச் செய்தால் சுவர்ப் பூச்சு உடையும், டைல்ஸ் ஓரம் போகும், அப்புறம் கொத்தனார், பெயிண்டர் என்று வேலை நீளும். இன்னொரு வழி, கெட்ட பகுதியை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு அங்கே கிரானைட் துண்டு வைப்பது. ஆனால் நிலைக்குப் பின்னால் சுவர், கீழே டைல்ஸ். கைரம்பம் ஓட்ட இடமில்லை. கட்டிங் மெஷினின் வட்டத் தட்டு மூலை வரைக்கும் போகாது. போக வைத்தால் சுவரையும் சேர்த்துக் கிழிக்கும். அதற்காகத்தான் ஆசிலேட்டிங் மல்டிடூல் வாங்கினேன்.

இதில் பிளேடு சுற்றாது. இடமும் வலமுமாக மொத்தமே மூன்று டிகிரி போல அசையும், ஆனால் நிமிடத்துக்கு 10,000 முதல் 20,000 தடவை. அசைவு அவ்வளவு சின்னது என்பதால் வைத்த இடத்தில் நின்று வெட்டும், கையை உதறித் தள்ளாது. மாவுக்கட்டு பிரிக்க ஆஸ்பத்திரியில் ஒரு ரம்பம் வைத்திருப்பார்களே, அதுவும் இதே முறைதான். ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம் 1967இல் அப்படி ஒரு மாவுக்கட்டு ரம்பத்தைக் கொண்டுவந்தது, அதன் வழியாகத்தான் இந்த முறை பட்டறைக் கருவிக்கு வந்தது. கெட்டியான கட்டு வெட்டுப்படும், தோல் பிளேடோடு சேர்ந்து அசைவதால் தப்பிக்கும். அதை நம்பி மரம் வெட்டும் பிளேடுக்கு அருகில் விரலைக் கொண்டுபோய்விடாதீர்கள், அதன் பல் வேறு.

நிலையில் பென்சில் கோடு போட்டு, கோட்டின் மேல் ஒரு சட்டத்தைத் தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, பிளேடை நேராக உள்ளே குத்தி இறக்கினேன். மரத்தின் நடுவில், ஓட்டை போடாமல், இப்படி இறங்கி வெட்டும் வேறு மெஷின் எனக்குத் தெரிந்து வீட்டுக்காரர் கைக்கு அடங்கும் விலையில் இல்லை. மெல்லிய பிளேடு மேலும் கீழுமாக ஓடும் ஜிக்சாவுக்கு முதலில் டிரில் போட வேண்டும், அதன் அடித்தட்டும் சுவர் ஓரத்தில் இடிக்கும். என் பிளேடின் ஆழம் இரண்டு அங்குலம்கூடக் கிடையாது, நிலையோ நான்கு அங்குலம். ஆகவே இரண்டு பக்கமிருந்தும் வெட்டிவிட்டு நடுவில் மிஞ்சியதை உளியால் தட்டி எடுத்தேன். சுவரில் ஒரு கீறல் இல்லை. அந்த ஒரு வேலையிலேயே எனக்குப் போட்ட காசு வந்துவிட்டது.

கும்பகோணத்திலிருந்து:

நான் தச்சு வேலை செய்கிறேன். சென்னை நண்பர் சொன்னது சரி, ஆனால் புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இந்த மெஷினில் செலவு மெஷினில் இல்லை, பிளேடில் இருக்கிறது. மெஷினோடு வரும் பிளேடு பெரும்பாலும் சாதாரண கார்பன் ஸ்டீல். வெறும் மரத்தில் வெண்ணெய் மாதிரி போகும். பழைய நிலையில் ஹோல்டுபாஸ்ட் (நிலையைச் சுவரோடு பிடிக்கும் இரும்புப் பட்டை) ஆணியோ உடைந்த திருகோ ஒன்று குறுக்கே வந்தால் போதும், பல் எல்லாம் மழுங்கி அந்தப் பிளேடு முடிந்தது. பழைய மரம் என்றால் பை-மெட்டல் பிளேடு போடுங்கள், அதில் பல் மட்டும் கடினமான வேறு எஃகு. இறுகின திருகு, கெட்டிப்படுத்திய ஆணி என்றால் எஃகைவிடக் கடினமான கார்பைடு பல் வைத்த பிளேடு. நல்ல பிளேடு ஒவ்வொன்றும் சில நூறு ரூபாய் ஆகும், அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு முடிவெடுங்கள்.

அடுத்தது கை. எல்லோரும் அழுத்துகிறார்கள். அழுத்தினால் அசைவு அடங்கிவிடும், மரம் கருகும், புகை வரும், பிளேடு நீலம் பாயும். லேசாகப் பிடித்து, பக்கவாட்டில் ஆட்டி ஆட்டி, நடுநடுவே வெளியே இழுத்துத் தூளை வெளியேற்றி வெட்ட வேண்டும். இரும்பு வெட்டும்போது வேகத்தைக் குறையுங்கள். முக்கோண உப்புத்தாள் பேட் போட்டுத் தேய்ப்பவர்களும் அதே மாதிரிதான். முழு வேகத்தில் அமுக்கினால் தாளைப் பிடிக்கும் வெல்க்ரோ சூட்டில் உருகிப்போகும். ஜன்னல் சட்ட மூலையில் பழைய பெயிண்ட் எடுக்க அந்த முக்கோணத்துக்கு ஈடு கிடையாது.

பிளைவுட் ஷீட்டை நீளமாக அறுக்க இதை எடுக்காதீர்கள். கோடு நேராக வராது, நேரமும் போகும்.

டொராண்டோவிலிருந்து:

இங்கே கதையே வேறு. எங்கள் வீட்டு உள்சுவர்கள் அரை அங்குல டிரைவால் (ஜிப்சம் பலகை), பின்னால் 16 அங்குலத்துக்கு ஒரு மரச் சட்டம். பேஸ்மென்ட்டில் புது பிளக் பாயின்ட் வைக்க சுவரில் ஒரு செவ்வகம் வெட்ட வேண்டும் என்றால் மல்டிடூலில் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். பலகைத் தரை போட்டபோது ஒரு பலகைத் துண்டைத் தரையில் கவிழ்த்து வைத்து, அதன் மேல் பிளேடைப் படுக்கவைத்து, எல்லாக் கதவுச் சட்டங்களின் அடியையும் அதே உயரத்துக்கு அறுத்தேன். பலகை அழகாக உள்ளே நுழைந்துகொண்டது. பிளேடு ஆழமாகப் போனால் பின்னால் போகும் கரண்ட் ஒயரை வெட்டிவிடும். அதனால் பிளேடில் டேப் ஒட்டி ஆழத்தைக் குறித்துக்கொள்வேன், பிரேக்கரையும் அணைத்துவிடுவேன். பழைய வீடுகளில் டிரைவால் பூச்சில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், சோதித்துப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

கோவையிலிருந்து:

நான் வாங்கவில்லை, அதற்கான காரணத்தையும் சொல்கிறேன். எனக்கு வேண்டியிருந்தது குளியலறை டைல்ஸ் இடுக்கை நிரப்பியிருக்கும் பழைய பூச்சை, அதாவது க்ரவுட்டை, எடுத்துவிட்டு எபாக்ஸி க்ரவுட் போடுவது. நண்பரிடம் மல்டிடூலும் கார்பைடு பிளேடும் வாங்கி வந்து பார்த்தேன். நம்மூரில் நிறைய வீடுகளில் ஸ்பேசர் வைக்காமல் டைல்ஸை நெருக்கி ஒட்டியிருப்பார்கள், இடுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பிளேடின் கனமே அதைவிட அதிகம். உள்ளே விட்டால் டைல்ஸ் ஓரம்தான் தெறிக்கும். கையால் சுரண்டும் க்ரவுட் கத்திதான் கடைசியில் கைகொடுத்தது. இடுக்கு மூன்று மில்லிமீட்டர் இருக்கிற வீட்டில் இந்த மெஷின் நன்றாகவே வேலை செய்யும் என்று நண்பர் சொல்கிறார், அவர் வீட்டில் பார்த்தும் இருக்கிறேன்.

செங்கல் சுவரில் பைப் பதிக்கக் காடி எடுப்பதற்கும் இது உதவாது, கட்டிங் மெஷின்தான். நம்ம வீடு முழுக்கச் செங்கல், சிமெண்ட், கிரானைட். டொராண்டோ அண்ணன் வீட்டுக் கணக்கை இங்கே போட முடியாது. டிரில் மெஷினும் கட்டிங் மெஷினும் இல்லாதவர்கள் முதலில் அந்த இரண்டையும் வாங்குங்கள்.

மறுபடியும் சென்னையிலிருந்து:

கோவை நண்பர் சொல்லும் வரிசையை முழுசாக ஒப்புக்கொள்கிறேன். இது மூன்றாவதாக வாங்க வேண்டிய மெஷின். ஆனால் நம்ம வீட்டிலும் மரமும் பிளைவுட்டும் இல்லாமல் இல்லை. மாடுலர் கிச்சன் பின்பலகையில் வாட்டர் பியூரிஃபையர் பைப்புக்கு வழி விட, மாட்டிய அலமாரியைக் கழற்றாமல் சாக்கெட்டுக்கு இடம் வெட்ட, சிங்க் ஓரத்தில் காய்ந்த சிலிகானைச் சுரண்ட, துருப்பிடித்துத் திரும்பாத கீல் திருகின் தலையை அறுக்க, எல்லாவற்றுக்கும் எனக்கு இதுதான். மைக்கா ஒட்டிய பலகை என்றால் கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு வெட்டுங்கள், ஓரம் பிசிறாது. சத்தம் அதிகம், காதுக்கு அடைப்பான் வேண்டும். தூளுக்கு என்95 மாஸ்க்.

கடையில் மெஷினைக் கையில் எடுக்கும்போது பிளேடு மாட்டும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். 2016இல் போஷும் ஃபைனும் சேர்ந்து ஸ்டார்லாக் என்ற பிடிமானத்தைக் கொண்டுவந்தார்கள். அதில் சாதாரணம், பிளஸ், மேக்ஸ் என மூன்று வகை. சாதாரண ஸ்டார்லாக் பிளேடு மூன்று மெஷினிலும் ஏறும், மேக்ஸ் பிளேடு மேக்ஸ் மெஷினில் மட்டும்தான் ஏறும். வேறு பிராண்டுகளில் பல ஓட்டைகள் கொண்ட தட்டையான பிடிமானம் இருக்கும். உங்கள் ஊர்க் கடையில் எந்தப் பிடிமானத்துக்குப் பிளேடு எப்போதும் கிடைக்கிறது என்று முதலில் கேளுங்கள், மெஷினை அதற்குத் தகுந்தபடி எடுங்கள். ஏற்கெனவே பேட்டரி டிரில் வைத்திருப்பவர்கள் அதே பிராண்டில் பேட்டரி இல்லாமல் மெஷினை மட்டும் வாங்கினால் விலை நன்றாகக் குறையும்.