ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: வியூகமா, விரல் வேகமா?

பழைய ஈட்டிக்காரன்:
1999-இல் வந்த கேமை இன்னுமா ஆடுகிறாய் என்று கேட்கிறார்கள். ஆமாம், இன்னும்தான். ஊர் கட்டிப் படை திரட்டி மோதும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ஐ மிஞ்சும் வியூக விளையாட்டு எதுவும் என் கண்ணில் படவில்லை. மறுப்பவர்கள் வரலாம்.

இன்னும் ஒரே டர்ன்:
வந்துவிட்டேன். அது வியூக விளையாட்டே இல்லை, விரல் பயிற்சி. டர்ன் டர்னாக, முறை வைத்து ஆடும் சிவிலைசேஷன் கேமில் ஒரு நகரத்தை எங்கே நிறுவுவது என்று அரைமணி நேரம்கூட யோசிக்கலாம். உங்கள் கேமில் அரை நிமிடம் யோசித்தால் ஊர் பற்றி எரியும். அதிலும் முதல் பத்து நிமிடம் எல்லோரும் வீடியோ பார்த்து மனப்பாடம் செய்த பில்ட் ஆர்டரை, அதாவது எதை எப்போது செய்வது என்ற வரிசையைத்தான் ஒப்பிக்கிறார்கள்.

பழைய ஈட்டிக்காரன்:
மனப்பாடம்தான், இல்லை என்று சொல்லவில்லை. சதுரங்கத்திலும் தொடக்கம் மனப்பாடம்தானே? ஆனால் அரேபியா என்ற மேப்பில் தங்கம் ஒவ்வொரு ஆட்டத்திலும் வேறு இடத்தில் கிடக்கும். அது எதிரியின் பக்கமாக விழுந்துவிட்டால் ஒப்பித்ததெல்லாம் வீண்.

கணக்கைப் பாருங்கள். அடுத்த கட்டமான ஃபியூடல் காலத்துக்கு ஏற 500 உணவு வேண்டும். அதே உணவில் 10 வில்லேஜர்களை, அதாவது வேலையாட்களை உருவாக்கலாம். ஏறி முடிக்கும் 130 நொடியும் அவர்களை உருவாக்கும் டவுன் சென்டர் வேறு வேலை செய்யாது. ஒரு வில்லேஜருக்கு 25 நொடி என்றால் இன்னும் ஐந்து பேர் போச்சு. சீக்கிரம் ஏறினால் ஆள் பற்றாக்குறை, தாமதித்தால் எதிரியின் குதிரை வாசலில். இதை விரலா முடிவு செய்கிறது?

இன்னும் ஒரே டர்ன்:
முடிவு செய்வது மூளை, சரி. ஜெயிக்க வைப்பது எது? மேங்கனல் என்ற கல்லெறி இயந்திரத்தின் கல் பறந்து வரும்போது வில்லாளிகளை இரண்டாகப் பிரித்து விலக்கத் தெரியாவிட்டால் எப்பேர்ப்பட்ட திட்டமும் ஒரே அடியில் காலி. சதுரங்கத்தைத் துணைக்கு இழுக்காதீர்கள். அங்கே ஒரு முறைக்கு ஒரு காய்தான்.

யானைப்பாகன்:
நடுவில் ஒரு வார்த்தை. 2022-இல் டைனாஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற கூடுதல் தொகுப்பு வந்ததும் அதிலுள்ள திராவிடர்கள் என்ற நாகரிகத்தை எடுத்து ஆடினேன். வீரர்கள் தமிழில் பதில் சொல்கிறார்கள் என்பதற்காகவே எடுத்தேன், அது வேறு கதை. அவர்களுக்கு நைட் என்ற குதிரை வீரன் கிடையாது. வருடக்கணக்காக நைட்டை வைத்தே பிழைத்தவன் நான், வரிசையாகத் தோற்றேன். கை அதே வேகத்தில்தான் இருந்தது. காலம் மாறும்போதெல்லாம் கிடைக்கும் 200 மரத்தை எதில் போடுவது, எதிரியின் கவசத்தையே மதிக்காமல் வெட்ட வைக்கும் வூட்ஸ் எஃகு என்ற மேம்பாடு வரும்வரை எப்படித் தாக்குப்பிடிப்பது என்று யோசிக்கப் பழகிய பிறகுதான் ஜெயித்தேன்.

இன்னும் ஒரே டர்ன்:
நீங்கள் வேகத்தை ஏற்கெனவே வைத்திருந்தீர்கள் ஐயா. இல்லாதவனைக் கேளுங்கள்.

பழைய ஈட்டிக்காரன்:
இல்லாதவன் நான்தான்! என் கை மந்தம். போன வாரம் ஒருவன் நான்கு குதிரைகளை என் மரவெட்டிகள் பக்கம் அனுப்பினான். ஓடிப் போய் ஈட்டிக்காரர்களை வைத்து விரட்டினேன், ஒரு வில்லேஜர்கூடச் சாகவில்லை. பெருமையாக ஊருக்குத் திரும்பினால் டவுன் சென்டர் சும்மா நிற்கிறது, வீடு கட்டவும் மறந்திருக்கிறேன். அவன் என் ஆட்களைக் குறிவைக்கவே இல்லை, என் கவனத்தைத்தான் கொண்டுபோனான். உணவு, மரம், தங்கம், கல் நான்கையும் திரையில் எண்ணிப் பார்க்கலாம். ஐந்தாவதாக ஒன்று தீர்வது தெரியாது. அதை எங்கே செலவழிப்பது என்பதுதான் இந்த கேமின் வியூகம், அது டர்ன் முறையில் வரவே வராது.

வெறும் கைவேலை குறைந்துகொண்டேதான் வருகிறது. முதலில் ஒவ்வொரு வயலையும் நாமே மறுபடி விதைக்க வேண்டும். 2000-இல் கான்கரர்ஸ் என்ற கூடுதல் தொகுப்பு வந்தபோது மில்லில் முன்கூட்டியே விதைப்புக்கு வரிசை போட வைத்தார்கள். 2019-இன் புதுப்பதிப்பான டெஃபினிட்டிவ் எடிஷனில் அது தானாகவே நடக்கிறது. அப்படியும் தோற்கிறேன்.

இன்னும் ஒரே டர்ன்:
அந்தக் குதிரைக் கதை மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது. ஆனாலும் நிதானமாக யோசிப்பதன் சுகத்தை விட்டுத்தர மாட்டேன்.

இன்னும் ஒரே டர்ன்:
(மறுநாள்) சும்மா ஒரு ஆட்டம் போட்டேன். உணவுக்காக வேட்டையாடப் போன காட்டுப்பன்றி என் ஆளைக் கொன்றுவிட்டது. இது எந்த வகை வியூகம்?

பழைய ஈட்டிக்காரன்:
முதலில் 50 தங்கம் கொடுத்து லூம் என்ற மேம்பாட்டை எடுங்கள், ஆளின் உயிர் 25-இலிருந்து 40 ஆகும். இரண்டு அம்பு விட்டதும் டவுன் சென்டரைப் பார்த்து ஓடிவரச் செய்யுங்கள். மற்றவர்கள் அங்கே தயாராக நிற்கட்டும். திரும்பி நின்று யோசிக்க மட்டும் யோசிக்காதீர்கள்.