டிரை ஸ்பெல்: 'வறட்சிக் காலம்' வேண்டாம், 'காய்நாள் தொடர்' என்போம்

அனைவருக்கும் வணக்கம். மழையில்லாமல் தொடரும் நாள்களை ஆங்கிலத்தில் டிரை ஸ்பெல் (dry spell) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற நம் பேச்சில் ஒருவர் எழுதியது இது:

> டிரை ஸ்பெல் என்பதற்கு 'வறட்சிக் காலம்' போதும். எல்லாருக்கும் புரிந்த சொல்.

அண்ணே, புரிந்த சொல்தான், ஆனால் அதை வானத்துக்கே கொடுத்துவிட்டால் நீர்த்தேக்கம் இறங்குவதற்கும் குழாயில் தண்ணீர் வராமல் போவதற்கும் நம் கையில் என்ன சொல் மிஞ்சும்? சிங்கப்பூரில் இருந்துகொண்டு இந்த மூன்றையும் ஒரே சொல்லில் அடைக்கவே கூடாது என்பேன்.

2014-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் மழை இல்லாமல் போனது. அந்தப் பிப்ரவரி, 1869-க்குப் பிறகு இங்கே பதிவானதிலேயே மிகவும் காய்ந்த மாதம். அடுக்குமாடி புளோக்குகளுக்குக் கீழே புல்லெல்லாம் பழுப்பாகிவிட்டது. ஆனால் குழாய் நிற்கவில்லை, 1963-64-ல் வந்ததுபோல் தண்ணீர்ப் பங்கீடும் வரவில்லை. பொதுப் பயனீட்டுக் கழகம், கழிவுநீரைச் சுத்திகரித்துப் புதுநீர் எடுக்கும் ஆலைகளையும் உப்புநீக்கி ஆலைகளையும் கூடுதலாக ஓட்டி, புதுநீரை நீர்த்தேக்கங்களுக்குள்ளேயே விட்டு மட்டத்தைத் தாங்கிப் பிடித்தது. அதே நேரத்தில் மலேசியாவின் சிலாங்கூரில் வீடுகளுக்கு முறைவைத்துத் தண்ணீர் விட வேண்டியதாயிற்று. அங்கே நடந்ததையும் இங்கே நடந்ததையும் 'வறட்சிக் காலம்' என்று ஒரே பெயரில் எழுதினால் படிப்பவருக்கு என்ன தெரியும்?

2016-ல் குறை வந்த இடமே வேறு. மலேசியாவில் உள்ள ஜோகூர் ஆற்றின் மேல்பகுதியில் 1995-ல் கட்டி முடித்த லிங்கியு நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தால்தான் கடலின் உப்பு ஆற்றுக்குள் ஏறாது. ஜோகூருடன் செய்துகொண்ட 1962 ஒப்பந்தப்படி நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை நாம் எடுப்பதும் அந்த ஆற்றிலிருந்துதான். அந்த லிங்கியு அக்டோபரில் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. இதற்கு நம் வீட்டுக்கு மேலே மழை பெய்ததா இல்லையா என்று பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

அமெரிக்காவில் வியாழன்தோறும் வெளிவரும் வறட்சி வரைபடமும் இந்த வேறுபாட்டைக் காக்கிறது. டி0 முதல் டி4 வரை ஐந்து படி, அதில் டி0 'வழக்கத்தைவிடக் காய்ந்தது' மட்டுமே, வறட்சிக் கணக்கில் சேராது. கலிபோர்னியா ஆளுநர் 2015 ஏப்ரல் 1 அன்று நகர நீர்ப் பயன்பாட்டை 25 விழுக்காடு குறைக்கச் சொல்லி ஆணையிட்டபோது அவர் கண்முன் இருந்தது மலைப்பனியின் அளவு. வழக்கமாக இருப்பதில் 5 விழுக்காடுதான் இருந்தது. பனியும் அவர்களுக்கு ஒரு நீரிருப்பு.

சரி, சொல்லுக்கு வருகிறேன். நம் வானிலை ஆய்வகத்தின் வரையறைப்படி, நாள் மழை 1 மில்லிமீட்டருக்குக் கீழே தொடர்ந்து 15 நாளாவது இருந்தால் அது டிரை ஸ்பெல். அதாவது முதலில் ஒரு நாளுக்குப் பெயர் வேண்டும், அப்புறம் அந்த நாள்கள் அடுத்தடுத்து வருவதற்கு. 'மழைநாள்' ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு எதிராக 'காய்நாள்', அவை அடுக்கி வந்தால் 'காய்நாள் தொடர்'. நெல் வயலைக் காயவிட்டுப் பிறகு நீர் பாய்ச்சுவதை 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று இன்றும் சொல்கிறார்களே, அந்தக் காய்தல்தான். 'இருபது நாள் நீண்ட காய்நாள் தொடர் நேற்றைய மழையோடு முறிந்தது' என்று வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், செய்தியில் தடங்கலில்லாமல் போகிறது.

காய் என்றால் காய்கறி நினைவு வரும் என்று ஒரு மடல் சொன்னது. சுடுநீர், ஊறுகாய் போல இது வினைத்தொகை, அதாவது 'காய்' இங்கே காய்தல் என்ற வினை. 'நாள்' பக்கத்தில் நிற்கும்போது கத்தரிக்காய் யாருக்கும் நினைவு வராது. 'வறள்நாள்' என்பதும் நல்ல சொல்தான். ஆனால் அது மறுபடி வறட்சியின் பக்கமே இழுக்கிறது, பிரிக்க நினைத்தது ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் தயங்குகிறேன்.

வானத்துக்குக் காய்நாள் தொடர், நீர்த்தேக்கத்துக்கு இருப்புக் குறை, குழாய்க்குத் தட்டுப்பாடு. வறட்சி என்ற பெரிய சொல்லை, ஊரே நீருக்குத் தவிக்கும் நிலைக்கு வைத்துக்கொள்வோம். 'இருப்புக் குறை' மட்டும் கொஞ்சம் கணக்குப்பிள்ளை வாடை அடிக்கிறது. ஏரிப் பாசனம் உள்ள ஊரிலிருந்து வந்தவர்கள் யாராவது, ஏரி பாதிக்குக் கீழே போவதற்கு உங்கள் பக்கம் என்ன சொல்வார்கள் என்று எழுதுங்கள்.