டக் போட்ல ரெஸ்ட் டைம் எவ்வளவு தரணும்?

ஆத்தூர்காரன்: அண்ணாச்சிமாரே, என் தம்பி தூத்துக்குடி துறைமுகத்துல டக்ல, அதான் கப்பலை இழுக்குத படகுல, வேலை பாக்கான், 12 மணி நேர டூட்டின்னு பேரு, ஆனா ராத்திரி கப்பல் வந்தா ரெஸ்ட்ல படுத்தவனையும் எழுப்பிருதாவ, நனைஞ்ச கயித்தை இழுத்துட்டு வந்து திரும்பப் படுன்னா தூக்கம் எங்க வரும்? இதுக்கு சட்டம் இருக்கா?

முத்துநகர்: இருக்கு தம்பி. எம்எல்சி 2006-ன்னு கப்பல் தொழிலாளிகளுக்கான சர்வதேச ஒப்பந்தம், இந்தியா 2015-ல ஏத்துக்கிட்டு. ரெஸ்ட் கணக்குப்படி 24 மணி நேரத்துல 10, ஏழு நாள்ல 77 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. அந்தப் பத்தை ரெண்டு துண்டாத்தான் பிரிக்கலாம், ஒண்ணு 6 மணி நேரமாவது இருக்கணும். இடையில எழுப்புனா ஈடு ரெஸ்ட் தரணும்.

பாளைக்காரன்: அண்ணாச்சி சொல்லுதது சரிதான், ஆனா துறைமுக எல்லைக்குள்ளயே ஓடுத டக்குக்கு எம்எல்சி பொருந்தாது, அதனால தம்பியோட காண்ட்ராக்ட்ல என்ன எழுதிருக்குன்னு மொதல்ல பாருங்க.

முத்துநகர்: ஆமா, அதுவும் உண்மை. ஆனா தூக்கக் கலக்கத்துல கயிறு சுத்துத வின்ச் மெஷின் பக்கத்துல நிக்கவே கூடாது, இழுவைக் கயிறு அறுந்து திரும்பி அடிச்சா ஆளே போயிருவான். எழுப்புன நேரத்தை அன்னன்னைக்கே எழுதி வைக்கச் சொல்லுங்க, பொய் ரெஸ்ட் கணக்குல கையெழுத்து மட்டும் போட வேண்டாம்.