பழைய ஃபைபர் போட்டோட பின்பலகையில 11 ஓட்டை, எதை வச்சு அடைக்கிறது?

சோழவந்தான்_கண்மாய்:
வணக்கம்ணே எல்லாருக்கும். எங்க மச்சான் சோழவந்தான் பக்கம் ஒரு கண்மாய்ல மீன்பாசி குத்தகை எடுத்திருக்காரு. வலை விடுறதுக்குண்டு ராமநாதபுரம் கடக்கரையில ஒரு பழைய 16 அடி ஃபைபர் போட் வாங்கி லாரியில ஏத்தி கொண்டாந்துட்டோம். இப்ப வீட்டுப் பின்னாடி தென்னந்தோப்புல கிடக்கு. பாடி நல்லாத்தான் இருக்கு, ஆனா இன்ஜின் மாட்டுற பின்பலகை, ட்ரான்ஸம்ண்டு சொல்வாங்கள்ல, அதுல மொத்தம் 11 ஓட்டைண்ணே. பழைய இன்ஜின் போல்ட் ஓட்டை 4, மீன் காட்டுற மெஷினோட சென்சாரும் கேபிள் கிளிப்பும் இருந்த ஸ்குரூ ஓட்டை 6, கேபிள் நுழைஞ்ச ஓட்டை ஒண்ணு கட்டை விரல் போற அளவுக்கு இருக்கு. கீழ உள்ள 3 ஸ்குரூ ஓட்டை தண்ணி மட்டத்துக்கும் கீழ வருது, யாரோ சிலிக்கான் வச்சு மொழுகியிருக்காங்க. மச்சான் வேப்பங்குச்சிய சீவி அடிச்சு மேல எம்சீல அப்பிருவோம்ண்டு நிக்கிறாரு. எனக்கு மனசு ஒப்பல. நாங்க மாட்டப்போறது 8 குதிரை சக்தி இன்ஜின்தான். அழகர் ஆத்துல இறங்குறதுக்குள்ள முடிச்சிரணும்ண்டு பாக்குறோம், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாக்ஜலசந்தி:
தம்பி, குச்சி அடிக்கவே வேணாம். குச்சி தண்ணி குடிச்சு ஊதும், ஊதுனா சுத்தியுள்ள ஃபைபர் கீறல் விடும், காஞ்சா சுருங்கி மறுபடி கசியும். எங்க ஊர்ல இந்த மாதிரி அடைச்ச வள்ளத்தை நெறைய பாத்திருக்கேன், நான் இப்ப மதுரையில இருந்தாலும் பொறந்தது மண்டபம் பக்கம். நீங்க ஓட்டைய பாக்குறீங்க, நான் ஓட்டைக்குள்ள இருக்குற மரத்தை கேக்குறேன். அந்தப் பலகை முழுக்க ஃபைபர் கிடையாது, பெரும்பாலும் நடுவுல பிளைவுட் வச்சு ரெண்டு பக்கமும் ஃபைபர் போத்தியிருப்பாங்க. ஸ்குரூ வழியா கசிஞ்ச தண்ணி வெளிய வர வழியில்லாம உள்ளயே நின்னு மரத்தை உளுக்க வச்சிரும், வெளிய பாத்தா பளபளண்டு இருக்கும். இன்ஜின் தள்ளுற மொத்த பலமும் அந்த மரத்துலதான் தம்பி விழுது.

முதல்ல ஸ்குரூடிரைவர் கைப்பிடியால பலகை பூரா தட்டிப் பாருங்க. நல்ல இடம் கணீர்ண்டு கேக்கும், உளுத்த இடம் பொத்துண்டு அமுங்குன சத்தம் வரும். அப்புறம் ஒவ்வொரு ஓட்டையிலயும் ட்ரில்ல மெதுவா விட்டு வர்ற தூளை கையில எடுத்துப் பாருங்க. வெளுப்பா உதிரியா வந்தா பயமில்ல, கருப்பா ஈரமா புளிச்ச வாடையோட வந்தா மேல எதைப் பூசினாலும் வீண்.

பழைய_மோல்டர்:
அண்ணன் சொன்னதுதான் முதல் வேலை. நான் கப்பலூர்ல ஃபைபர் மோல்டிங்ல ரொம்ப வருசம் இருந்தவன், பொருள் விசயம் சொல்றேன். பழசு மேல ஒட்ட பாலியஸ்டர் ரெசின் வேணாம், எபாக்ஸி வாங்குங்க, ரெசினும் அதை இறுக வைக்கிற ஹார்டனரும்ண்டு ரெண்டு டப்பாவா வரும், பழைய ஃபைபரையும் மரத்தையும் அதுதான் கெட்டியா பிடிக்கும். ஒருவேளை பாலியஸ்டர்தான் கிடைச்சுதுன்னா ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, வேகமா இறுக ஊத்துற கோபால்ட்டையும், இறுக ஆரம்பிச்சு வைக்கிற கேட்டலிஸ்ட்டையும் நேரா ஒண்ணோட ஒண்ணு சேத்துரக்கூடாது, வெடிச்சு தீப்பிடிக்கும். ரெசின்ல கோபால்ட்ட நல்லா கலக்கிட்டு அப்புறம்தான் கேட்டலிஸ்ட்.

சிலிக்கான மொத்தமா சுரண்டி எடுத்துருங்க, லேசா படிஞ்சிருந்தாலும் ரெசின் ஒட்டாது. அசிட்டோன்ல துடைக்க முன்னாடியே சுரண்டிருங்க, இல்லாட்டி துணியே அதை எல்லா இடத்துக்கும் இழுத்து விட்டுரும். 5 மில்லிமீட்டர் ஸ்குரூ ஓட்டைய 10 மில்லிமீட்டருக்கு பெருசாக்குங்க, வாய ரெண்டு பக்கமும் சாய்வா சீவி விடுங்க. பின்பக்கம் டேப்ப ஒட்டிட்டு முதல்ல ஹார்டனர் மட்டும் சேத்து, பவுடர் எதுவும் கலக்காம தண்ணியா இருக்குற எபாக்ஸிய சிரிஞ்சுல விட்டு உள்மரத்தை நனைங்க. இதைச் செய்யாம நேரா பேஸ்ட்ட வச்சா காஞ்ச மரம் அதுல உள்ள ரெசின உறிஞ்சிரும், மிஞ்சுறது வெறும் பொடி. அது பிசுபிசுப்பா இருக்கும்போதே ஏரோசில்ண்டு கெட்டியாக்குற பவுடர் கலந்த எபாக்ஸிய, உளுந்து வடை மாவு பதத்துக்கு, கரண்டிய கவுத்தாலும் விழக்கூடாது, ஊசி இல்லாத சிரிஞ்சுல ஓட்டையோட அடியில இருந்து வெளிய இழுத்துக்கிட்டே நிரப்புங்க, காத்து நிக்காது.

போல்ட் ஓட்டையும் இப்படித்தான். அதே இடத்துல மறுபடி போல்ட் போட்டா காஞ்சபின்ன நடுவுல 12 மில்லி துளைச்சுக்கலாம், அப்ப போல்ட் எபாக்ஸியத்தான் தொடும், மரத்தை தொடாது. கேபிள் ஓட்டைக்கு மட்டும் பேஸ்ட் பத்தாது. நல்ல பிளைவுட்ல வட்டமா வெட்டி எபாக்ஸி தடவி வைங்க, வெளி ஃபைபர் 4 மில்லி கனம்னா சுத்தி 48 மில்லி தூரத்துக்கு கிரைண்டர்ல சரிவா தேச்சு, அதாவது 12 மடங்கு, நெசவு துணி ஃபைபர அடுக்கடுக்கா போடுங்க. உள்பக்கமும் அதே மாதிரி. துண்டு நாரை ஒட்டிச் செஞ்ச சாதா மேட்ல உள்ள பைண்டர் பசை எபாக்ஸியில கரையாது, அதான் நெசவு துணி. தேய்க்கிறப்ப மூக்குல மாஸ்க் கண்டிப்பா போடுங்க, கண்ணாடி நார் நெஞ்சுக்குள்ள போகக்கூடாது.

நம்ம ஊர் சித்திரை வெயில்ல கப்புல கலக்கி வச்சாலே சூடாகி கட்டியாயிரும், விடியக்காலையில ஒரு தடவைக்கு மொத்தமே 50 கிராம்ண்டு தராசு வச்சு கொஞ்சம் கொஞ்சமா கலக்குங்க. ஹார்டனர் டப்பாவுல போட்ட அளவுதான், சீக்கிரம் இறுகணும்ண்டு அதை கூட ஊத்துனா எபாக்ஸி சரியா இறுகாது.

சோழவந்தான்_கண்மாய்:
ரெண்டு அண்ணனுக்கும் ரொம்ப நன்றி. இன்னைக்கு காலையில பாத்தோம். மேல எல்லாம் வெள்ளைத் தூளா வருது, தட்டுனா நல்ல சத்தம். ஆனா கீழ உள்ள 3ல 2 ஓட்டையில கருப்பா ஈரத்தூள் வந்துச்சு, சொட்டு தண்ணியும் வந்துச்சுண்ணே. மச்சான் அதைப் பாத்துட்டு குச்சிய தூக்கிப் போட்டுட்டாரு. இப்ப அந்த இடத்தை என்ன பண்றது?

பாக்ஜலசந்தி:
நல்லவேளை அடைக்காம பாத்தீங்க. உள்பக்கத்துல இருந்து அந்த ஓட்டையச் சுத்தி 2 இஞ்சுக்கு ஒண்ணா சின்ன துளை போட்டுக்கிட்டே போங்க, வெளி ஃபைபர துளைச்சிராதீங்க. காஞ்ச தூள் எங்க வருதோ அதுதான் எல்லை. மரம் உறுதியா இருந்து ஈரம் மட்டும்தான்னா போட்டோட பின்பக்கத்தைச் சாச்சு தண்ணி வடிய வச்சு, மேல தகரம் போட்டு ஃபேன் வச்சு 3, 4 வாரம் விடுங்க. பிறகு ராத்திரி ஓட்டை மேல பிளாஸ்டிக் பேப்பர நல்லா ஒட்டி வச்சு காலையில உள்பக்கம் வேர்த்திருக்கா பாருங்க, வேர்த்தா இன்னும் காயணும். ஸ்குரூடிரைவர் மரத்துல இறங்குச்சுன்னா காயவைக்கிறதுல பிரயோசனமில்ல, உள்பக்க ஃபைபர வெட்டி அந்த மரத்தை எடுத்துட்டு தண்ணி தாங்குற புது மரைன் பிளைவுட்தான்.

பழைய_மோல்டர்:
அழகர் இறங்கட்டும் தம்பி, அவசரமா மூடிராதீங்க, ஈரத்தை உள்ள வச்சு அடைச்சா அடுத்த மழைக்குள்ள பலகை போயிரும். முடிஞ்சதும் பச்சைத்தண்ணியில தேச்சு கழுவிட்டு அப்புறம் உப்புத்தாள் போடுங்க, எபாக்ஸி மேல மெழுகு மாதிரி ஒண்ணு படியும், அது தண்ணியிலதான் போகும். வெறும் எபாக்ஸி வெயில்ல பொரிஞ்சிரும், அதனால மேல ரெண்டு பார்ட் பாலியூரித்தேன் பெயின்ட் அடிச்சிருங்க.

இனிமே சென்சார் மாட்டணும்னா நேரா பலகையில ஸ்குரூ ஏத்தாதீங்க. ஒரு தடிச்ச ஹெச்டிபிஈ பிளாஸ்டிக் பலகைய பாலியூரித்தேன் சீலன்ட் வச்சு ஒரு தடவை மாட்டிட்டு எல்லா ஸ்குரூவையும் அதுல ஏத்துங்க. தூள் எல்லை எவ்வளவு வந்துச்சுண்டு அளந்து சொல்லுங்க, எவ்வளவு பிளைவுட் வாங்கணும்ண்டு கணக்கு போட்டுத் தர்றேன்.