வார்த்தை எல்லாம் தெரியும், விடைதான் தப்பு

கணக்கர்:

தொலைதூரக் கல்வியில் ஆங்கிலத் தாள் எழுதுகிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்களைக் கவிழ்த்த ஒரே ஒரு காம்ப்ரிஹென்ஷன் கேள்வியைச் சொல்லுங்களேன். அறிவுரை வேண்டாம், அது ஸ்டடி மெட்டீரியலின் முதல் பக்கத்திலேயே வண்டி வண்டியாக இருக்கிறது. எங்கே சறுக்கினீர்கள், எப்படிப் பிடிபட்டது, அது போதும்.

நானே ஆரம்பிக்கிறேன். வயது 43. பகலில் கணக்கு வேலை, பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் புத்தகம். அன்றைய பாசேஜ் ஓர் ஆலை மேலாளரைப் பற்றியது. இருபது வரி. தெரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை, அதனால் தெம்பாகவே உட்கார்ந்தேன். நடுவில் ஒரு வாக்கியம்: 'ஹி டிட் நாட் ரிசைன் பிகாஸ் த பே வாஸ் லோ.' கேள்வி, மேலாளர் வேலையில் நீடித்தாரா என்பது. நீடித்தார் என்று எழுதினேன். அவர்தான் ரிசைன் பண்ணவில்லையே! குறைந்த சம்பளத்தில் கையில் சேமிப்பு இருக்காது, வேலையை விட்டால் எங்கே போவார் பாவம் என்று காரணத்தையும் நானே கட்டிக் கொடுத்துவிட்டேன்.

ஆன்சர் கீயில் 'இல்லை' என்று ஒரே ஒரு சொல். ஏன் இல்லை? கேட்க ஆள் கிடையாது. வகுப்பறை என்றால் பக்கத்து பெஞ்சை எட்டிப் பார்க்கலாம். எனக்கு எதிரே இருந்தது ஃபிரிட்ஜ். மூன்று நாள் அதை அச்சுப்பிழை என்றே நம்பினேன். நான்காம் நாள் பஸ்ஸில் நின்றுகொண்டு அடுத்த வாக்கியத்தை மனதில் ஓட்டிப் பார்த்தேன். 'வாட் ட்ரோவ் ஹிம் அவுட் வாஸ் த சைலன்ஸ் ஆஃப் ஹிஸ் சீனியர்ஸ்.' முதல் தடவை 'ட்ரோவ்' என்றதும் கார் ஓட்டுவது என்று எடுத்துக்கொண்டு, யாரோ அவரை வெளியே கூட்டிப்போனார்கள் போல என்று தாண்டிவிட்டிருந்தேன். உண்மையில் மேலதிகாரிகளின் மௌனம் அவரைத் துரத்தியிருக்கிறது. ஆக மனிதர் போய்விட்டார். போனது சம்பளத்துக்காக இல்லை, அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை, தமிழிலும் 'சம்பளம் குறைவு என்பதற்காக அவர் விலகவில்லை' என்றால் இதே இரட்டைப் பொருள் வரும். தமிழில் யாராவது அப்படிச் சொன்னால் 'பின்னே?' என்று அடுத்த பேச்சுக்குக் காத்திருப்பேன். ஆங்கிலத்தில் முற்றுப்புள்ளியைப் பார்த்ததும் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

இரவுப்பணி:

சார், 'ட்ரோவ்' படித்து வார்டில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். நான் செவிலியர். வெளிநாட்டு வேலைக்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறேன், அதுவும் வீட்டிலிருந்தேதான். ரீடிங் தாளில் 60 நிமிடம், 40 கேள்வி. அதில் 'ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்' என்று ஒரு வகை வரும்: ஒரு கூற்று பாசேஜ்படி சரியா, தப்பா, இல்லை அதில் சொல்லவே இல்லையா என்று. என் சனியன் அந்த மூன்றாவதுதான்.

ஒரு பயிற்சி பாசேஜ் செம்மல்வைஸ் என்ற மருத்துவரைப் பற்றி. 1847இல் வியன்னா பொது மருத்துவமனையின் பிரசவ வார்டில், குளோரின் சேர்ந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிவிட்டுத்தான் தாய்மாரைத் தொட வேண்டும் என்று அவர் வைத்தார், பிரசவக் காய்ச்சல் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. பாசேஜ் அத்தோடு நிற்கிறது. கேள்வியில் ஒரு கூற்று: 'அன்றைய மருத்துவர்கள் இவர் கருத்தை உடனே ஏற்றுக்கொண்டார்கள்.' எனக்கு இந்தக் கதை அத்துப்படி. அவரை எவ்வளவு பாடுபடுத்தினார்கள் என்று பயிற்சிக் காலத்திலேயே படித்திருக்கிறேன். யோசிக்கவே இல்லை, 'ஃபால்ஸ்' என்று போட்டேன்.

விடை, நாட் கிவன்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உண்மையைச் சொன்னதற்கா மார்க்கைக் குறைக்கிறார்கள்? திரும்பத் திரும்பப் படித்தேன். மற்ற மருத்துவர்கள் என்ற பேச்சே அதில் இல்லை. சரித்திரப்படி நான் சரி, பாசேஜ்படி தப்பு. அன்றிலிருந்து ஒரு பழக்கம்: விடை எழுதுவதற்கு முன்னால் அதற்கான வரியில் விரலை வைப்பேன். 'ஃபால்ஸ்' என்றால், கூற்றை மறுக்கிற வரி எங்கேயாவது இருந்தாக வேண்டும். விரல் வைக்க இடமில்லை என்றால் அது நாட் கிவன். இன்னொன்றும் கவனித்தேன். மருத்துவம் சம்பந்தப்பட்ட பாசேஜில்தான் எனக்கு மார்க் குறையும். பவளப்பாறை, பழைய நாணயம் என்று எனக்குத் துளியும் தெரியாத விஷயம் வந்தால் ஏறிவிடும்.

பென்சில்:

நான் ஓய்வு பெற்றவன், வயது 61. விட்டுப்போன பட்டத்தை முடிக்கலாம் என்று சேர்ந்திருக்கிறேன். என் முறை வேறு. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே பென்சிலால் தமிழ் அர்த்தம் எழுதுவேன். ஒரு பக்கம் முடிக்க இரண்டு மணி நேரம். முடிந்ததும் பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும், மேலே என்ன படித்தோம் என்பது மறந்திருக்கும்.

என்னைக் கவிழ்த்தது அகராதியில் நான் தேடாத சொல். ஓர் ஊழியர் கதை. 'ஹி ஹார்ட்லி வொர்க்டு.' 'ஹார்டு' தெரியும், 'லி' போட்டிருக்கிறான், ஆக கடினமாக உழைத்தார். அடுத்த பத்தியில் அவரை வேலையை விட்டு நீக்குகிறார்கள். ஏன் நீக்கினார்கள் என்று கேள்வி. உழைக்கிறவனுக்கு இந்த உலகத்தில் மதிப்பில்லை என்பதையே ஆசிரியர் சுட்டிக்காட்டுகிறார் என்று ஏழு வரி உருக்கமாக எழுதினேன். எழுதும்போது என் பழைய அலுவலகம்தான் கண் முன்னால் நின்றது. மனிதர் வேலையே செய்யாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார்! திருத்தியவர் சிவப்பு மையில் 'ஹார்ட்லி' கீழ் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார். ஒரு வாரம் கழித்துத்தான் அகராதியில் பார்த்தேன், 'அரிதாக, இல்லையென்றே சொல்லும்படி' என்று இருந்தது.

பெரிய சொற்கள் முகத்திலேயே 'என்னைத் தெரியாது உனக்கு' என்று எழுதி ஒட்டிக்கொண்டு வருகின்றன. இந்தச் சின்னதுகள் தெரிந்த மாதிரி சிரித்துக்கொண்டு வந்து காலை வாருகின்றன.

திருத்தியவள்:

ஐயா, அந்தச் சிவப்புக் கோடு நான் போட்டதாகக்கூட இருக்கலாம்! ஆறு வருடம் தொலைதூர மாணவர்களின் அசைன்மென்ட் திருத்தியிருக்கிறேன். ஒரு தாளுக்குக் கிடைக்கும் நேரத்தில் கோடு போடத்தான் முடியும், காரணம் எழுத முடியாது. அந்தக் குறை எனக்கு இன்னும் உண்டு.

நான் அதிகம் பார்த்தது, பாசேஜிலிருந்து ஒரு முழு வாக்கியத்தை அப்படியே தூக்கி விடையாக வைப்பது. 'கிராமம் ஏன் காலியானது?' என்ற கேள்விக்கு 'தேர்ஃபோர் தே லெஃப்ட் இட்' என்று விடை வரும். எதனால் 'தேர்ஃபோர்'? யார் 'தே'? 'இட்' எது? எழுதியவருக்கும் தெரியாது. சரியான வரிப் பக்கம்தான் போயிருக்கிறார், கதவைத் தட்டவில்லை. கான்டாக்ட் கிளாஸ், அதாவது மாணவர்கள் நேரில் வரும் வகுப்பு, கிடைத்த நாட்களில் ஒரு வேலை செய்யச் சொல்வேன்: 'இட்', 'திஸ்', 'தே', 'விச்' எங்கே வந்தாலும் வட்டம் போட்டு, அது குறிக்கிற சொல்லுக்கு அம்பு இழுங்கள். பத்து அம்பு இழுத்தால் நாலு தப்பாகப் போகும். அந்த நாலும் எந்தக் கேள்வியில் உட்கார்ந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

அப்புறம் வாக்கிய அமைப்பு. 'த லெட்டர் த கிளார்க் லாஸ்ட் வாஸ் ஃபவுண்ட்.' ஏழே சொல், எல்லாம் எளிய சொல். 'கடிதத்தைக் கண்டுபிடித்தவர் குமாஸ்தா' என்று பாதிப் பேர் எழுதினார்கள். நமக்கு 'குமாஸ்தா தொலைத்த கடிதம்' என்று சுமை முன்னால் வரும், பெயர் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் பெயர் முதலில் வந்துவிடும், சுமையைப் பின்னால் இழுத்துக்கொண்டு வரும். 'த கிளார்க் லாஸ்ட்' என்பதைச் சுற்றி அடைப்புக்குறி போட்டு மூடிவிட்டுப் படியுங்கள், 'த லெட்டர் வாஸ் ஃபவுண்ட்' என்று எலும்பு தெரியும். மூடினதைப் பிறகு திறந்துகொள்ளலாம். நீளமான வாக்கியத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

பென்சில் ஐயா மாதிரி எல்லாச் சொல்லுக்கும் அர்த்தம் எழுதாதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் அகராதியைத் திறக்காத சொல்லில் அல்லவா விழுந்திருக்கிறார்! அதனால் வாயை மூடிக்கொள்கிறேன்.

எதிர்க்கட்சி:

எல்லாரும் விரல், அம்பு, அடைப்புக்குறி என்கிறீர்கள். இதெல்லாம் தேர்வு எழுதும் வித்தை, வாசிப்பு இல்லை. நான் இரண்டு வருடம் பாசேஜ் பாசேஜாகச் செய்து அலுத்துப்போய் நிறுத்திவிட்டு, கௌரவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு எளிய ஆங்கிலத்தில் சுருக்கிய கதைப் புத்தகங்களுக்குப் போனேன். என் மகள் பார்த்துவிட்டு 'அப்பா, இது என் வயசுக்கே சின்னப் புத்தகம்' என்றாள்.

ஆனால் இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஹூ, நேஷன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000இல் சோதித்துப் பார்த்ததில், யார் துணையும் இல்லாமல் ஒரு கதையைப் படித்துப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் 98 சதவீதம் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று வந்தது. அதாவது 50 சொல்லுக்கு ஒன்றுதான் தெரியாததாக இருக்கலாம். 300 சொல் பாசேஜ் என்றால் ஆறு. என் பாடப் புத்தகத்தில் எண்ணிப் பார்த்தேன், இருபத்து மூன்று இருந்தது. அது என் அளவுச் சட்டை இல்லை, இரண்டு வருடமாக அதற்குள் கையை நுழைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 1959லேயே சுமார் 1500 சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு, மெதுவாக வாசிக்கும் 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' செய்திகளைத் தொடங்கியது. பெரியவர்களுக்கான விஷயம், எளிய மொழி. நமக்கு வேண்டியது அதுதான்.

என்னைக் கவிழ்த்த கேள்வி? 'பாசேஜுக்குத் தலைப்பு கொடு' என்பது. எப்போதும் கடைசிப் பத்தியில் படித்ததையே தலைப்பாக வைப்பேன். முதல் பத்தி அதற்குள் மறந்திருக்கும்.

மறுபடியும்:

'மறந்திருக்கும்' என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள், அதனால் வந்தேன். எனக்கும் அதே வியாதி. நாலு தடவை படித்தால் நிற்கும் என்று நாலு தடவை படிப்பேன். படிக்கும்போது எல்லாம் புரிகிற மாதிரி இருக்கும், புத்தகத்தை மூடினால் வெற்றிடம். இப்போது ஒரு தடவை படித்து மூடிவிட்டு, என்ன படித்தேன் என்று தமிழிலேயே ஃபோனில் பதிவு செய்து, என்னோடு படிக்கும் ஓர் அக்காவுக்கு அனுப்புகிறேன். அந்த அக்காவை நேரில் பார்த்ததே இல்லை, குரல் மட்டும்தான் தெரியும். முதல் நாள் நான் அனுப்பியது பதினொரு விநாடி. 'ஒரு ஆள்... ஒரு கப்பல்... அப்புறம் ஏதோ புயல்' என்று முடித்துவிட்டேன். அக்கா திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி: 'புயல் முன்னாடியா, கப்பல் கிளம்பினது முன்னாடியா?' திறந்து பார்த்தேன். 'பை த டைம்', அதாவது 'அதற்குள்', என்று ஒரு துண்டு இருந்தது, அதைக் கண்டுகொள்ளாமல் போயிருக்கிறேன்.

2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பப் படித்தவர்களுக்கு அதிகம் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். நான் அந்த ஐந்து நிமிட மாணவி.

அக்காவோடு ஒரு ஒப்பந்தமும் உண்டு. விடை 'பி' என்று மட்டும் சொல்லக் கூடாது, வரி எண்ணும் சொல்ல வேண்டும். போன மாதம் ஒரு கேள்விக்கு இரண்டு பேருமே 'சி', வரி 14. ஆன்சர் கீயில் 'ஏ'. இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு, கீ தப்பு என்று முடிவு செய்து கடிதம் எழுதினோம். பதில் வரவில்லை. ஆனால் கணக்கர் சாரின் மூன்று நாள் அச்சுப்பிழைக் கதையைப் படித்த பிறகு, வரி 15ஐயும் ஒரு தடவை பார்க்கலாமா என்று இருக்கிறது.

கணக்கர்:

பாருங்கள் பாருங்கள். நான் 'பின்னே?' என்று பாசேஜ் ஓரத்தில் எழுதிவைக்க ஆரம்பித்திருக்கிறேன், சந்தேகமான ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்குப் பக்கத்திலும். எதிர்க்கட்சிக்காரர் சொன்னதும் நியாயம்தான், ஆனால் எனக்கு அடுத்த மாதம் தேர்வு, விரலை எடுக்க முடியாது.

நேற்று வந்த ஒரு வாக்கியத்தோடு போகிறேன், கப்பல் விபத்து பாசேஜ்: 'ஆல் பட் டூ ஆஃப் த பாசஞ்சர்ஸ் சர்வைவ்டு.' எத்தனை பேர் இறந்தார்கள்?

பென்சில்:

இரண்டு பேர் மட்டும் பிழைத்தார்கள், மற்ற எல்லாரும் போய்விட்டார்கள். பெரிய சோகம்.

பென்சில்:

இருங்கள். 'பட்' கீழே பென்சிலால் கோடு போட்டுவிட்டு அகராதியைத் திறந்தேன். இறந்தது இரண்டு பேர்.