கூடுதல் தொகைக்கு வந்த காசோலை: ஆலோசனை தேவை

வணக்கம். நியூ ஜெர்சியில் வசிக்கும் நான், பழைய சாப்பாட்டு மேசையை 400 டாலருக்கு விற்க இணையத்தில் விளம்பரம் செய்திருந்தேன். மேசையை நேரில் பார்க்கக்கூட விரும்பாத ஒருவர் 1,850 டாலருக்கு வங்கிக் காசோலை அனுப்பிவிட்டு, மீதி 1,450 டாலரை, மேசையை எடுக்க வரும் வண்டிக்காரருக்கு இன்றே அனுப்பும்படி நச்சரிக்கிறார். (பேரம்கூடப் பேசவில்லை, அப்போதே சந்தேகித்திருக்க வேண்டும்.) உறையின் அஞ்சல் முத்திரை ஒரு மாநிலம், காசோலையிலுள்ள வங்கி வேறொரு மாநிலம்.

கணக்கில் பணம் ஓரிரு நாளில் தெரிந்தாலும், காசோலை போலி என்பது வெளிப்பட வாரக்கணக்கில் ஆகலாம் என்றும், அப்போது முழுத் தொகையையும் வங்கி என்னிடமே பிடித்துக்கொள்ளும் என்றும் அறிவதால், இன்னும் அதைக் கணக்கில் போடவில்லை. காசோலையில் அச்சிட்ட எண்ணை விட்டு, அந்த வங்கியின் எண்ணை நானே தேடி அழைத்தால் சரிபார்த்துச் சொல்வார்களா? இதை யாரிடம் ஒப்படைப்பது, காவல்துறையிடமா, அஞ்சல் புலனாய்வுத் துறையிடமா? அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.